விளிம்பின் கனம்

வெளிநாட்டுத் தோட்டா ஒன்று நாற்பத்திரண்டு ரூபாய்.
விலையைச் சொல்லும்போதே பதிவேட்டை மூடிவிட்டார்
கிளப் செயலாளர் சத்தியசீலன்,
என் முகத்தைப் பார்த்து.

நாற்பத்திரண்டு ரூபாய் என்பது
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் என் முக்கால் மணி நேரம்.
ஒரு மேட்சுக்கு அறுபது தோட்டா.
நான் பெருக்கவில்லை.
பெருக்கினால் ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றும்.

உள்நாட்டுச் சரக்கு பதிமூன்று.
ஈரம் பட்ட அட்டைப் பெட்டி,
லாட் நம்பரில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
"வெடிக்கும். அதுக்கு மட்டும்தான் நான் கியாரண்டி" என்றார்.

வெடித்தது.
காட்பாடி தாண்டி, பழைய குவாரிப் பள்ளத்தில் எங்கள் ரேஞ்ச்.
ஐம்பது மீட்டர் தூரத்துக்குள்
ஐந்து குண்டும் ஐந்து ஊருக்குப் போயின.
ஒன்று ஆம்பூர், ஒன்று ஆற்காடு,
ஒன்று டார்கெட் அட்டையைத் தொடாமலே
பின்னாலிருந்த மண்மேட்டுக்கு.

பக்கத்துப் பாயில் இம்தியாஸ்.
பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருக்கும் வீடு.
அவனுடைய ஐந்தும் ஒரே ஓட்டை.
அந்த ஓட்டைக்குள் இருநூற்றுப் பத்து ரூபாய் கிடக்கிறது
என்று எண்ணினேன்.
கெட்ட எண்ணம்தான். எண்ணினேன்.

பாயின்ட் டூ டூ தோட்டாவுக்கு உயிர் விளிம்பில்.
ஊசி நடுவில் குத்தாது, ஓரத்தில் குத்தும்.
பித்தளை விளிம்பு மயிரளவு தடித்தாலும் மெலிந்தாலும்
அடி வேறு, மருந்து பற்றுவது வேறு,
போய்ச் சேரும் இடமும் வேறு.
இதை எங்கோ படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.
காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை
நான் வேறென்ன செய்கிறேன்?
கேஜின் இரண்டு உதடுகளுக்கு நடுவே ஆட்டுத்தோல்.
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு, பாஸ்.
ஒன்று புள்ளி ஒன்று, தள்ளு.
அதே மில்லிமீட்டர். ஆடு இல்லை, பித்தளை.

சூப்பர்வைசர் ஏஞ்சலினிடம் கெஞ்சி
பழைய கேஜை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வந்தேன்.
ஐநூறு தோட்டா, கிளப்பின் தகர ஷெட், மே மாதம்.
வேலூர் வெயிலில் பித்தளையும் பெருத்துவிடும் என்று
ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.
மெலிந்தவை டிபன் மூடியில்.
தடித்தவை பாதியாய் வெட்டிய தண்ணீர் பாட்டிலில்.
ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று மட்டும் ஷூ பெட்டியில்.
பத்து மணிக்கு மேல் தகரம் கொதித்தது,
முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது,
நானூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறி
திரும்ப எண்ணவில்லை.

துப்பாக்கிக்கும் நாக்கு உண்டு.
டிபன் மூடியைத் துப்பியது.
பாட்டிலையும் துப்பியது.
ஷூ பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தை
ஒரு ரூபாய் நாணயத்தால் மறைத்துவிட முடிந்தது.
நாணயத்தை எடுத்துப் பார்த்தேன், மறுபடி வைத்தேன்.
இம்தியாஸ் எழுந்து வந்து நின்றான்.
"எந்த லாட்?"
"பூச்சி தின்ன லாட்."

பிறகு ஆறாவது.
வலப்பக்கம், ஏழாம் வளையத்தில்.

இரண்டு வருஷமாக எனக்கு ஒரு வசதி இருந்தது:
தோட்டா சரியில்லை.
இன்று அளந்தவள் நான்.
காற்றும் இல்லை, கொடி
கம்பத்தில் ஈரத்துணி போல ஒட்டிக்கிடந்தது.
அந்த ஏழுக்கு விலாசம் எழுத
என்னைத் தவிர ஆளில்லை.

எல்லோரும் போன பிறகு
கேஜைத் துடைத்து வைக்க எடுத்தேன்.
சும்மாதான்,
விசை இழுக்கும் விரலின் நுனியை
அந்த உதடுகளுக்கு நடுவில் வைத்தேன்.
தோல்தானே, எத்தனை என்று பார்க்க.

முள் ஓரிடத்தில் நிற்கவில்லை.
நாடிக்கு நாடி
ஒரு கோடு ஏறி, ஒரு கோடு இறங்கி.

எந்தப் பெட்டியில் போட?